வானத்தில் ஒரு மணி நேரம்

பயணச் சீட்டு அலுவலகத்தின் முன்மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கடிகாரக்கா என்று பெயர். எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டவர் வாயை மூடுமுன் பதில் வந்து விழும். அதற்காக உடன் வேலை செய்பவர்கள் வைத்த பட்டம். கடலோர நகரத்துக்கா? காரில் முந்நூற்று முப்பது கிலோமீட்டர், ஐந்தரை மணி. விமானத்தில் ஒரு மணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்த ஒரு மணி முழுப் பொய் என்று சொல்ல முடியாது. விமானம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடுகிற நேரம் அது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போவதும், பெல்ட்டைக் கழற்றி வரிசையில் நிற்பதும், இறங்கிப் பெட்டிக்குக் காத்துக் கிடப்பதும் அதில் சேராது. "முழுக் கணக்கைச் சொன்னா எவன் டிக்கெட் வாங்குவான்? வானத்துக் கணக்கை மட்டும் சொல்லும்மா" என்பது முதலாளியின் உத்தரவு.

அப்பாவுக்கு உடனே இதய அறுவை சிகிச்சை என்று முடிவான அன்று, கடலோர நகரத்தில் வேலை பார்க்கும் தம்பியைக் காலை ஏழு மணிக்கே போனில் பிடித்தாள்.

"ரெண்டு மணிக்கு உள்ள கொண்டு போயிடுவாங்கடா. உன்னைப் பாத்துட்டுத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறாரு. இப்பவே காரை எடு."

"அஞ்சரை மணி நேரம் எவன் ஓட்டுவான்? பதினொண்ணுக்கு ஃப்ளைட் இருக்கு. ஒரு மணி நேரந்தானே!"

"டேய், அது வானத்துல..."

"நீயே நூறு தடவை சொல்லியிருக்கே, கடிகாரக்கா!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

பன்னிரண்டரை. காரில் வந்திருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருப்பான். "லேட்டு. இப்பத்தான் ஏறி உக்காந்தேன்" என்று செய்தி வந்தது. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஒன்றே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"வந்துட்டானா?" என்றார் அப்பா.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவான்ப்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்டயே டிக்கெட் விக்கிறியா?" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று இருபதுக்குத் தம்பி பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஃப்ளைட் என்னவோ கரெக்டா ஒரு மணிதான்க்கா..."

"மிச்சம் ஏழு மணி நேரத்தை எங்கடா தொலைச்சே? அப்பா உன்னைப் பாக்காமலே உள்ள போனாருடா!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் குரலைத் தணிக்கவில்லை. அவனைத் திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்ட, அந்தக் கணக்கை அவனுக்குப் பாடம் பண்ணிக் கொடுத்த வாய் தன்னுடையதுதான் என்பது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அப்பா பிழைத்துக்கொண்டார். அவள் கோபம்தான் ஆறவில்லை. பிழைக்காமல் போயிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் குப்பென்று ஏறியது.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். முதல் ஆளாக வந்தவர் கடலோர நகரத்துக்குத்தான் நேரம் கேட்டார். ஃப்ளைட்டில் சீக்கிரம் போய்விடலாமா?

"எதுக்குப் போறீங்க?"

"அம்மாவுக்கு முடியலங்க."

பின்னாலிருந்து முதலாளி தொண்டையைச் செருமினார்.

"செருமாதீங்க சார்," என்றாள் திரும்பாமலே. பிறகு வந்தவரிடம், "வானத்துல ஒரு மணி. வீட்டு வாசல்லேர்ந்து அம்மா கட்டில் வரைக்கும் ஆறு, ஏழு ஆகும். கார் இருக்கா? கிளம்புங்க."