தலையணையோடு பஸ் ஏறியவர்

அடுத்த வாரம் என் கணவருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை. வீட்டுக்கு வந்த மறுநாளே கடையைத் திறப்பேன் என்கிறார்.

இன்று பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வந்த பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் ஒரு தம்பதி. அவர் சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். இருமும்போது அதை இறுக்கிக்கொண்டார்.

“பைபாஸ் செஞ்சிருக்குங்க. இருமுனா நெஞ்சு இழுக்கும்,” என்றார் மனைவி.

பஸ்ஸில் நான் யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. இன்று கேட்டுவிட்டேன். “ரொம்ப வலிக்குதுங்களா?”

“நெஞ்சு தேவலைங்க. இதயத்துல வைக்க நரம்பு எடுத்த காலுதான் வலி,” என்றார் அவர்.

“அழுததையும் சொல்லுங்க,” என்றார் மனைவி. “தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்க பிஸ்கட்டோட பார்க்க வந்தாலே அழுகைதாங்க. இவருக்கு ஆகவே ஆகாத கங்காணி வந்தாரு. அவரு கையப் புடிச்சுக்கிட்டும் அழுதாரு!”

“பஸ்ஸுல போயி ஏன் புள்ள அதெல்லாம்?”

நம்பாமல், வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். பைபாஸுக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்சக் காலம் அப்படி அழுகை வருமாம்.

காயத்துக்கும் மருந்துக்கும் என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். ஆனால் தன் அம்மா இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவர் என் கணவர்.

வீட்டில் யாருக்காவது பைபாஸ் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவர் அழுதால் பக்கத்தில் உட்கார வேண்டுமா, தேத்தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குசினிக்குள் போய்விட வேண்டுமா?