மாலதி தீதிக்கு ஒரு மதர்போர்டு

கணினி அசெம்பிள் செய்பவனிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை, "எந்த மதர்போர்டு நல்லது?" என்றுதான் கேட்பார்கள். வங்காளத் தலைநகரின் லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் பதினெட்டு வருடமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் நானும் என் மனைவி கல்பனாவும்தான். பிராசஸர், ரேம் எல்லாம் போர்டுக்குப் பொருந்தியாக வேண்டும் என்பதால் முதல் வாக்குவாதம் எப்போதும் போர்டில்தான் ஆரம்பிக்கும். என்னைப் போலவே கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பர்தாவின் நிறம்

பாலிகஞ்சிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நானும் தொண்டைத் தண்ணீர் வற்ற முக்கால் மணி நேரம் பேசினேன். எத்தனை ரேம் போடலாம், நாளைக்குப் பெரிய பிராசஸர் போட்டால் தாங்குமா, சூடு எப்படி இறங்கும், ஒன்று விடவில்லை. கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, அண்ணனுக்கு இந்த ஊரில் சொல்லும் ‘தாதா’ போட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தாதா, இதுல நீல லைட் எரியுமா? எங்க ஹால் ஜன்னல் பர்தா நீலம்."

பொட்டு

விஸ்வகர்மா பூஜையன்று இந்த ஊரில் கருவியைத் தொடமாட்டார்கள். ரிக்‌ஷாவிலிருந்து லேத் பட்டறை வரை மாலை போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நம் ஆயுத பூஜை அதற்குச் சில வாரம் கழித்து வரும். கல்பனா இரண்டையும் விடமாட்டாள்.

போன வருடம் விஸ்வகர்மா பூஜையில் ஸ்க்ரூடிரைவருக்குச் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த புது போர்டுக்கும் வைத்துவிட்டாள். பிராசஸர் உட்காரும் இடத்திலேயே. மறுநாள் லென்ஸும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து அங்கே அடர்ந்து நிற்கும் பின்களை ஊசி ஊசியாகச் சுத்தம் செய்தேன். கோபத்தில் நாலு வார்த்தை கூடவே சொல்லிவிட்டேன். அவள் அசரவில்லை: "சாமிக்கு வைக்கிற பொட்டு பட்டுக் கெட்டுப்போகும்னா, அதெல்லாம் ஒரு சாமானா?"

ஓடாத மிஷின்

இந்த வருடம் அதே பூஜையன்று மாலதி தீதி வந்தார், தீதி என்றால் அக்கா. பெஹாலாவில் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வைத்திருப்பவர். அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கைக்கும் புடவைக்கும் பூப்போட்டுத் தருவார். மிஷினுக்கு டிசைன் அனுப்பும் கணினி செத்துவிட்டது. துர்கா பூஜைக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை.

என் ஸ்க்ரூடிரைவர்கள் சாமி முன்னால் இருந்தன. நாளைக்குத்தான் எடுக்க முடியும் என்றேன். சங்கடமாக இருந்தது. தீதி அவசரப்படவில்லை. கல்பனா கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னார்: "என் மிஷினுக்கும் மாலை போட்டுட்டுத்தான் வரேன், தாதா. ஓடாத மிஷினைக் கும்பிட்டது இதுதான் முதல் தடவை."

என் தாராள மனசு

அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் கருவியைத் தொட்டதும், கடையிலேயே உயர்ந்த போர்டை எடுத்து, மலிவு போர்டின் விலைக்கே போட்டுக் கொடுத்தேன். நல்லவருக்கு நல்லது போகட்டும் என்ற பெருமை வேறு. பெஹாலாவுக்கு நானே கொண்டுபோனேன். மிஷினிலிருந்து வரும் கேபிளைக் கையில் எடுத்தபிறகுதான் தெரிந்தது, அது ஒன்பது ஊசியுள்ள பழைய சீரியல் கேபிள். என் உயர்ந்த போர்டின் பின்பக்கம் எல்லா ஓட்டையும் இருந்தது, இந்தக் கேபிளுக்கானது மட்டும் இல்லை. யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வாங்கிப் போட்டேன். இரண்டு இலை தைத்ததும் டிசைன் வருவது அறுபட்டு மிஷின் ஊசி நின்றுவிட்டது.

மிஷின் ஃபிரேமில் ஒரு சிவப்புத் துணி பாதித் தாமரையோடு மாட்டியபடியே இருந்தது. கழற்றினால் இடம் தப்பிவிடும் என்று தொடவில்லையாம். யாருடையது என்று கேட்டேன். பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் தைத்து முடித்து, துர்கா பூஜை அஷ்டமியன்று பழைய ரவிக்கையோடு நிற்பவர், இந்த வருடம்தான் முதல் துணியைத் தனக்கென்று மாட்டியிருக்கிறார். தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே, என் மேல் ஒரு குறையும் சொல்லாமல், அவர் சொன்னது இது: "உங்க தப்பு இல்லை தாதா. எனக்குன்னு ஆரம்பிச்சேன் இல்லையா, அதான் நின்னுபோச்சு."

யாரும் படிக்காத புத்தகம்

அன்று பஸ்ஸில் திரும்பும்போது மனசு ஆறவில்லை. போர்டைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவன் நான். பழியை அந்த அம்மாள் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

போர்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கையேடு இருக்கும். நாம் யாரும் அதைப் பிரிப்பதில்லை, ஒத்துக்கொள்ளுங்கள். கடையில் இருந்த அத்தனை கையேட்டையும் பிரித்தேன். எதை வெளியில் எடுத்துக் காட்டவே வெட்கப்படுவேனோ, அந்த மலிவு போர்டின் மூலையில் சீரியலுக்கான ஒன்பது ஊசி நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு வயரைச் செருகிப் பின்னால் கொண்டுவந்தால் போதும். அந்த வயர் பழைய சாமான் டப்பாவிலேயே கிடைத்தது. கல்பனா எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பதினெட்டு வருஷம் கழிச்சுப் பாடப் புத்தகத்தைத் தொறந்திருக்கீங்க. பரவாயில்லை, பாஸாயிடுவீங்க."

முதல் துணி

மறுநாள் காலை பெஹாலாவில் போர்டை மாற்றினேன். கேபிள் பொருந்தியது. தீதி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். மிஷின் ஒருமுறை உறுமியது. ஊசி நின்ற இடத்திலிருந்தே மூன்றாவது இலையில் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வாசலில் மூன்று பெண்கள் துணிப்பையோடு வந்துவிட்டார்கள், எங்களுடையது எப்போது என்று. தீதி ஃபிரேமைக் கழற்றி அவர்கள் துணியை மாட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கை ஃபிரேம் வரை போனது. துணியின் ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டுத் திரும்பினார்: "உட்காருங்க, டீ போடறேன். இது என்னோடது. முதல்ல இது முடியட்டும்."

எந்த போர்டு நல்லது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம், கடைக்காரனுக்கும் தெரியாது என்பதைத்தான் நாம் வெளியே சொல்வதில்லை.