முப்பத்தோரு வீடியோக்களும் ஒரு விளக்கக் கடிதமும்

என் மகள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீடியோ கேம் ஆடுவதை, பேசிக்கொண்டே, தன் சேனலில் நேரலையாகக் காட்டுவாள். போன வருடம் ஒரு கேம் கம்பெனி அவளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வெளிவராத கேமைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தால், அதை அவள் ஒளிபரப்பிவிட்டாளாம். பதிப்புரிமை மீறல். அந்த வீடியோவை நீக்கி ஏழு நாளில் பதில் தராவிட்டால் வழக்கு.

"அம்மா, பயப்படாத" என்று எழுதி அதை எனக்கு அனுப்பினாள். அந்த வரியைப் படித்துத்தான் பயந்தேன்.

நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மெமோ வந்தால் விளக்கம் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. கேட்டதற்கு மேலேயே ஒப்புக்கொண்டால் மேலதிகாரி மனம் இளகும் என்பது எங்கள் நம்பிக்கை. மகளைக் கேட்காமல் அன்றே பதில் அனுப்பினேன். அந்தக் கம்பெனியின் கேம்களை ஆடி அவள் போட்ட முப்பத்தோரு வீடியோக்களையும் தேதிவாரியாக இணைப்பில் கொடுத்தேன். அறியாப் பருவம், மன்னிக்கவும் என்று முடித்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மகள் என்னை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனாள். அவர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, அவுங்க கேட்டது ஒண்ணு. நீங்க எதுக்கு முப்பத்தொண்ணு எழுதுனீங்க?"

"மறைச்ச மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சார்."

"அவுங்க வக்கீலுக்கு வேலையே வைக்கல நீங்க."

"இணைப்பு வேற வச்சிருக்காங்க சார்" என்றாள் மகள்.

வக்கீல் எழுதிய கடிதத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. முப்பத்தொன்றையும் நீக்க வேண்டும், இனி செய்யமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும், வழக்கு இல்லை. இன்றும் போனில் மெயில் சத்தம் கேட்டால் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக நீக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் தலைப்புகளை நகலெடுத்ததோடு சரி, ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. லீவில் வீட்டிலிருந்து ஆடிய ஒன்றில் அவள் ஏதோ கோட்டைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் என் குரல்: "தோசை ஆறிப்போவுது, வரியா இல்லியா?"

"உன்ன கேக்காம உன் குரல போட்டுட்டேன். நீயும் கேஸ் போடுறியா?" என்றாள்.

அதையும் நீக்கினாள். உறுதிமொழிக் கடிதத்துக்கு வரைவு போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"நீ போய் தோசை ஊத்துமா."

மூன்று வரிதான் எழுதியிருந்தாள். கையெழுத்துக்குக் கீழே, 'இணைப்பு: இல்லை.'