குட்டை பீரோவுக்குப் பட்டுச் சூடு

இடது கையில் தண்ணீர்க் கிண்ணம். வலது கை விரலை நனைத்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு சொடுக்கு. எழும்பிய 'ஸ்ஸ்' அடங்கும்வரை காதைச் சாய்த்துக் கேட்கிறாள் புஷ்பம். "இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்று பெட்டியைச் செங்கல்மேல் வைத்துவிட்டு, எதிரே நிற்கும் மர பீரோவை முறைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி அந்த பீரோவுக்குத்தான்.

மற்ற ஆறு நாளும் கோபாலபுரத்தில் எங்கள் தெருமுனை வாதுமை மரத்தடியில் அவள் வண்டி நிற்கும். பதினெட்டு வருடமாக நிற்கிறது. பெயர் சொன்னால் அவளுக்கு யாரையும் தெரியாது. துணியைச் சொன்னால் தெரியும். என் கணவர் 'காலர் கிய்ஞ்ச சாரு'. எதிர்வீட்டு ராகவேந்திரன் 'மை ஜோப்பு'. பேன்ட் மடிப்பைப் பார்த்தே, "சாருக்கு தொப்ப போட்டுக்கினே போவுது, சோத்த கொறைக்கச் சொல்லு" என்பாள். எல்லாரும் அவளுக்கு 'நீ'தான். நாங்களும் பழகிவிட்டோம்.

பீரோ வந்ததற்கு நான்தான் காரணம். இந்த வருடம் ஜூன் மாதமே மழை கொட்டித் தீர்த்ததே, அப்போது அவள் வீட்டு சிமென்ட் ஷீட் ஒழுகியது. வாடிக்கைக்காரர்களின் துணி நனையாமலிருக்க எல்லாவற்றையும் ஒரு ஆப்பிள் மரப்பெட்டியில் அடுக்கி வைத்தாள். பெட்டியின் சிராய் என் மயில்கழுத்துப் பட்டில் மாட்டி, ஒரு சாண் நீளத்துக்கு இழையை இழுத்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த புடவை. நடுத்தெருவில் நின்று கத்தினேன். "இனிமே பட்டுன்னு ஒரு கர்ச்சீப்கூட உன் கையில குடுக்க மாட்டேன்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வீட்டாரும் பட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு புஷ்பம் மாடிவீட்டு நீரஜாவிடம், "பட்ட நம்பிக் குடுக்காத தெருவுல நான் இன்னாத்துக்கு பொட்டி புடிக்கணும்?" என்றாளாம். என் வாயை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஆடி மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பங்களாவை இடித்தார்கள். பழைய சாமான் எடுக்கும் ஷஃபியுல்லாவிடம் இந்த சைடுபோர்டைப் பார்த்தவள், பட்டு அடுக்க ஆகும் என்று விடவில்லை. இடுப்பளவு உயரம், இரண்டு கதவு, மூன்று இழுப்பறை. அடிப்பலகை சாதாரண மரம். மேலே அட்டை கனத்துக்குத் தேக்குத் தோல் ஒட்டியிருந்தது. அந்தத் தோல் நடுவில் உப்பி, ஓரத்தில் பெயர்ந்து, ஒரு மூலையில் காணாமலே போயிருந்தது. இஸ்திரி வண்டியிலேயே ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்து, 'குட்ட பீரோ' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு சன்மைக்கா ஒட்டச் சொன்னாராம் தச்சர். "சன்மைக்கா மேல பட்டு நிக்குமா? வழுக்கிக்கினு கீய போவும். இத்த ஒட்டியிருக்கற வஜ்ஜிரப் பசை சூடு பட்டா இளகும்னு அவுரே சொல்றாரு. சூடு எனக்குத் தெரியாதா?" என்றாள் புஷ்பம்.

தெரிந்துதான் இருந்தது. உப்பின இடத்தை பிளேடால் கீறுவாள். பழைய எக்ஸ்ரே படத்தை நறுக்கி, அதில் வஜ்ஜிரம் தொட்டு உள்ளே தள்ளுவாள். மேலே ஈரத்துணி விரித்து, பெட்டியை வைத்து, எட்டு மூச்சு எண்ணுவாள். "இதுக்குப் பட்டு சூடுதாம்மா. காட்டன் சூடு வெச்சா கருகிப்பூடும். பாலீஸ்டர் சூட்டுக்கு வஜ்ஜிரம் அசையாது." பிறகு அம்மிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று அதட்டுவாள். வீட்டில் அவளையும் பூனையையும் தவிர யாருமில்லை. காணாமல்போன மூலைக்குக் கதவின் உள்பக்கத்துத் தோலையே பெயர்த்து ஒட்டுப் போட்டாள்.

நவராத்திரிக்கு ஒன்பது நாள் இருந்தது. தெருவில் பட்டெல்லாம் வெளியே வரும் நேரம். குழந்தைகளின் இஸ்திரி போட்ட யூனிஃபார்மை வாங்கும் சாக்கில் போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். பீரோவில் எண்ணெய் பூசித் துடைத்திருந்தாள். தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

"பிரமாதமா வந்திருக்கு புஷ்பம். நாளைக்கே என் பட்டையெல்லாம் அனுப்பறேன்."

"இரு. உன் கைக்கு இன்னா தெரியும்? பட்டு சொல்லட்டும்."

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு அரக்குப் புடவையை எடுத்தாள். "தாலி கட்டிக்கினப்ப கட்னது. பட்டுன்னு என்கிட்ட இது ஒண்ணுதான் கீது."

"ஐயோ வேண்டாம். ஏதாவது பழைய துணிய வெச்சுப் பாரேன்."

"பழந்துணிக்கு சிராய் தெரியுமா?" ஜரிகைப் பக்கம் கீழே இருக்கும்படி பீரோமேல் வைத்து அழுத்தி இழுத்தாள். நடுவில் ஓடியது. ஓரத்தில் ஓடியது. ஒட்டுப் போட்ட மூலையில் சட்டென்று நின்றது. எடுத்துப் பார்த்தால், விரல் நீளத்துக்கு ஜரிகை வெளியே வந்து சுருண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்ல வேள, உன்னுது இல்ல" என்றாள் புஷ்பம். தொங்கிய ஜரிகை இழையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, அந்த மூலையைத் தேய்க்க உப்புத்தாளைக் கையில் எடுத்தாள்.