உச்சுக் கொட்டியதால் அவுட் ஆன பந்து

பலெர்மோவில் ஒரு ரெனிஸ் கிளப்பில் செம்மண் கோர்ட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோடு துடைப்பது என் வேலை. இந்த வேலைக்கு வரப்போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மண் தன்பாட்டில் கிடக்கும். வாயைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் பிரான்ஸ் நாட்டுக்காரி, சிஞ்ஞோரா ஓடில், அதாவது ஓடில் அம்மா. பெயர்தான் ஓடில், முழங்கால் ஓட விடாது. ஒருகாலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சம்பளத்துக்கு ஆடியவர். பலெர்மோ மட்டும் அவருக்கு ராசியில்லை. வந்தபோதெல்லாம் முதல் சுற்றிலேயே தோல்வி. ஓய்வுபெற்று, இங்கேயே ஒருவரைக் கட்டி, லிபெர்த்தா வீதியில் குடியிருக்கிறார்.

“இந்த ஊரில ஒரு ஆட்டமாவது வெண்டுபோட்டுத்தான் றக்கெற்றைக் கீழை வைப்பன்” என்பார்.

கிளப்பின் மூத்தோர் போட்டிதான் கடைசி வாய்ப்பு. டாக்டர் முழங்காலைப் பார்த்து அப்படித்தான் சொல்லியிருந்தார். முதல் சுற்றில் எதிரே ஒரு பல் டாக்டர் அம்மா. எல்லாம் நல்லாய்ப் போய், வெல்ல ஒரே ஒரு புள்ளி மிச்சம்.

சிஞ்ஞோரா அடித்த பந்து கோட்டிலேயே விழுந்தது. எட்டிப் பிடிக்கப் பாய்ந்த டாக்டரம்மா குப்புற விழுந்தார். நடுவர் கண்ணில் வெயில். கோட்டருகே விளக்குமாற்றோடு நின்ற என்னிடம், பந்து உள்ளேயா என்று கேட்டார். அதே நேரம், விழுந்தவரைப் பார்த்து என் வாய் “ச்சு” கொட்டிவிட்டது.

இந்தச் சிசிலித் தீவில் “ச்சு” என்றால் “இல்லை” என்று அர்த்தம்.

நடுவர் அவுட் கொடுத்தார். டாக்டரம்மா எழுந்து, பந்துத் தடத்தின் மேலேயே நின்று துள்ளினார். தடம் போயே போய்விட்டது.

நான் ஓடினேன். “பந்து உள்ளுக்கை விழுந்தது, ஐயா. நான் பாவம் எண்டெல்லோ சொன்னனான்.”

“பாவமெண்டால் ஏன் இல்லையெண்டு சொன்னனீர்?”

கடைசியில் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். சிஞ்ஞோரா அதை விட்டார். பிறகு முழங்கால் விட்டது. பிறகு ஆட்டமே போனது.

அவர் ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, றக்கெற்றைப் பையில் போட்டு சிப்பை இழுத்தார். என்னையறியாமல் மறுபடி “ச்சு” வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். “இது இல்லையோ, பாவமோ?”

“பாவம், சிஞ்ஞோரா.”

“அப்ப இன்னொருக்கால் கொட்டும்.”

கொட்டினேன். பிள்ளைகளே, நீங்களும் தாராளமாகக் கொட்டுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு.