பதினேழாம் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி

எங்கள் வீட்டுக்கு வந்த அந்த வக்கீலை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கொடுத்த காபியைத் தொடாமல், என் மகளின் ஆய்வுக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய கம்பெனிதான் அவரை வைத்திருந்தது. ஆனால் பார்வை என்னவோ எதிராளியின் பார்வை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மகளுக்குப் பீளமேட்டில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை. வெள்ளாட்டின் காதிலிருந்து எடுத்த தோல் செல்லை, ஒரு முழு ஆடாகவே வளரக்கூடிய முதல் நிலைக்குத் திருப்பப் பார்த்தார்கள்.

"தோலு எப்படி அம்மணி குட்டியாகும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது தோலுங்கறத மறக்க வெக்கறோம்மா. அவ்வளவுதான்."

அந்த 'மறக்க வைப்பது' எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே முறை தங்களுடையது என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி காப்புரிமைக்கு நின்றது. அமெரிக்காவில் அன்று முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. அதற்குச் சாட்சி, தேதி போட்ட அந்தக் குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மகளின் கையெழுத்து. படித்துப் பார்த்ததாக உடன் வேலை செய்பவர் ஒருவரின் கையெழுத்து. அது செல்லாமல் போனால் அவள் மூன்று வருட உழைப்பு இன்னொருவருடையதாகிவிடும்.

"பதினேழாம் பக்கத்துல, மேல இந்தச் சுழி யாருங்க போட்டது?" என்றார் வக்கீல். "மத்ததெல்லாம் கறுப்பு மை. இது மட்டும் நீலம்."

"நான் போடலீங்க," என்றாள் மகள்.

"அப்ப தானா மொளைச்சுதுங்களா?"

காப்பியடித்த பிள்ளையை நான் வகுப்பில் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். இவளைத் திருடியாக்கிவிட்டு எல்லாவற்றையும் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

அது என் பேனா மை.

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கணக்குகளைப் படியெடுக்க அவள் குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது அதையும் எடுத்தேன். புரட்டினேன். செல் திரும்பிவிட்டது என்று அவள் எழுதியிருந்த பக்கம் கண்ணில் பட்டது. அது மட்டும் எனக்குப் புரிந்தது. பயந்துபோனேன். நல்லபடியாக நடக்கட்டும் என்று பக்கத்தின் தலையில் ஒரு சுழி போட்டு மூடிவைத்தேன். இருபது வருடமாகக் கரும்பலகையில்கூடச் சுழி போடாமல் பாடம் தொடங்காதவள் நான்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் சிரித்தார். "உங்கொம்மாவாத்தான் இருக்கும். உட்டா அந்த ஆட்டுக்குட்டிக்கே பொட்டு வெச்சிருப்பா."

மகள் மெல்லத் திரும்பினாள். "ஏம்மா, நீங்களா?"

சொல்லிவிட்டேன். வக்கீல் வெள்ளைத் தாளில் பத்து முறை அந்தச் சுழியைப் போடச் சொன்னார். பேனாவையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க சொல்றத நான் நம்பறேங்க. எதிர்த்தரப்புல நம்ப மாட்டாங்க. சுழி போட்ட கை வேறெதையும் போடலைன்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

அப்படியேதான் கேட்டார்கள். அந்தப் பக்கத்தைச் சாட்சியாகக் காட்டாமல் எங்கள் தரப்பே விட்டுவிட்டது. செல் திரும்பியதைச் சொன்ன அடுத்த பக்கத்தின் தேதி சில நாட்கள் பிந்தியது. வெளிநாட்டுக்காரர்களின் தேதி இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. காப்புரிமை அவர்களுக்குப் போயிற்று. வக்கீல் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டார் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் அவர் கையில் காரணத்தைக் கொடுத்தவள் நான்தான்.

மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு வந்தவள், குறிப்பேடு வைத்திருந்த பையை நேராக உள்ளறைக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன்.

"எனக்கு வெச்சுடுங்கம்மா," என்று நெற்றியைக் காட்டினாள். "பைக்கு வேண்டாம்."