கடையில் கை நனைக்குமுன்

சாப்பாட்டுக் கடைகளைச் சோதிக்கிற உத்தியோகக்காரனுக்கும் பசி எடுக்கும் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள பெரிய கஷ்டம். மற்றவர்களுக்கு இலையில் சோறு மட்டும் விழும். எனக்கு அதோடு அடுப்படி, அங்கணம், எச்சில் வாளி, கரித்துணி எல்லாம் சேர்ந்து விழும்.

ஜோகூர் பாரு டவுன் போர்டில் நான் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். சிங்கப்பூருக்குக் கடற்பாலம் போட்டு ஊர் திமுதிமுவென்று பெருத்துக்கொண்டிருந்த சமயம். தெருவுக்குத் தெரு புதுச் சாப்பாட்டுக் கடை. எனக்கோ நாக்கு நீளம். இரண்டும் சேர்ந்தால் உத்தியோகம் இனிக்க வேண்டியதுதானே என்பீர்கள். இனித்தது, என் மனைவி சிவகாமி பிள்ளையுண்டாகிப் படுக்கிற வரை. முதல் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை மருத்துவச்சி வந்து பார்த்து, அடுப்படிப் பக்கமே போகக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டாள். மாமியாரோ பத்து பகாட் ஊரில் மூத்த மகளின் பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு வேளையும் கடையிலிருந்துதான் டிபன் கேரியர் வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஆற்றோரக் கம்பத்தில், அதாவது ஆற்றங்கரைக் குடியிருப்பில், வாந்திபேதி என்று சேதி வந்தது.

வீட்டில் சமைக்க ஆளில்லாமல் கடைச் சோற்றுக்குக் காத்திருக்கும் சகோதரர்களே, என் பயம் உங்களுக்குத்தான் புரியும். உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்

ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் முஸ்லிம் காக்கா ஒருவரின் கடை. அங்கே ஆட்டுக்கால் சூப்புக்கு உத்தியோகத்துக்கு வருமுன் நானும் பழியாய்க் கிடந்தவன்தான். வாந்திபேதி சேதி வந்த மறுநாள் பின்கட்டுக்குள் நுழைந்தேன். காலையிலிருந்து எல்லாத் தட்டுகளும் ஒரே வாளியில்தான் முங்கி எழுந்துகொண்டிருந்தன. அதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாளியைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்தக் கடையிலிருந்துதானே போன வாரம் சிவகாமிக்கு இடியப்பம் கட்டிக்கொண்டு போனோம் என்ற நினைப்பு வந்து காலைக் கட்டியது.

ஆகவே முதல் யோசனை: தட்டு ஈரமாக வந்தால் துடைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். வாழையிலை கேளுங்கள். இலை இல்லாத கடையில் பசியில்லை என்று சொல்லிவிடுங்கள். அன்று வாசலோர மேசையில் ஒரு பெரியவர் சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

“உள்ள போறப்ப நல்லாத்தான்யா போனீங்க. வெளிய வர்றப்ப ஒங்க மூஞ்சியப் பாத்ததும் எனக்குத் தொண்டைல எறங்கல. நாளைக்கு நான் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு வாங்க.”

கஞ்சி குடித்த சமையற்காரர்

சமையற்காரர் எங்கே சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இது என் இரண்டாவது யோசனை. பெரிய தெருவில் புதிதாகத் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்ணாடிப் பெட்டி, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, மேசைக்கு மேசை பூச்செண்டு. சாம்பாரும் அமிர்தமாக இருக்கும். வாளிக்குப் பயந்து அங்கே மாற்றியிருந்தேன். ஒருநாள் மத்தியானம் கேரியர் வீட்டுக்குப் போன பிறகு, எதிர்ச்சாரியில் சீனரின் கஞ்சிக்கடை முன்னால் அந்தச் சமையற்காரரைக் கண்டேன். பலகையில் குந்திக்கொண்டு வெறும் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றில். உம் கடைச் சோறு இருக்க இங்கே ஏன் என்று கேட்டேன்.

அவர் பதிலைக் கேட்டு முடிக்குமுன் சைக்கிளில் ஏறிவிட்டேன். சிவகாமி அப்போதுதான் கேரியரின் மேல் தட்டைத் திறந்து வைத்திருந்தாள். பிடுங்கி அப்படியே கொல்லைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பைப் போட்டேன். பசியோடு இருந்த பிள்ளைத்தாய்ச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சமையற்காரருக்கு வந்தது பலாப்பழம் அதிகம் தின்றதால் வந்த வினை என்று மறுநாள் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் சாம்பாரைப் பார்த்தால் காதில் கேட்கிறது:

“விடியக்காலம் புடிச்சு வயிறு நிக்கலீங்க, அதான் கஞ்சி. நீங்க கவலப்படாதீங்க, கொழம்பு கூட்டெல்லாம் என் கையாலேயே முடிச்சு வெச்சிட்டுத்தான் வந்தேன்.”

முதலாளியும் பந்தியில்

பிறகுதான் வேலாயுதத்தின் கடை கிடைத்தது. சந்தைக்குப் பின்னால், தகரக் கூரை, ஆறே பலகை. கண்ணாடியும் இல்லை, பூவும் இல்லை. ஆனால் அடுப்படியில் ஈ இல்லை. அண்டாவுக்கு மூடி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலாயுதம் தன் பெண்சாதி பிள்ளைகளோடு வாடிக்கையாளர் பந்தியிலேயே உட்கார்ந்து அதே சோற்றைத்தான் சாப்பிட்டார். நான் போகிற கடைகளில் முதலாளிக்கென்று உள்ளே தனிச் சட்டி இருக்கும். இங்கே அது இல்லை.

அன்றுதான் பல நாளைக்குப் பிறகு ரசத்தை இரண்டாம் முறை வாங்கினேன். சிவகாமிக்கும் இனி இங்கிருந்துதான் என்று முடிவு செய்தேன். வீட்டில் இருப்பவள் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னதும் வேலாயுதம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அத்தனை மரியாதை. பந்தியில் எல்லோரோடும் சாப்பிடுகிறீரே என்று பாராட்டியதற்கு அவர் சொன்னார்:

“நான் திங்காத சோத்த நாலு பேருக்கு எப்படிங்கய்யா போடுறது? வயித்துல அடிச்ச பாவம் வந்துரும்ல.”

சிவப்புத் தண்ணீர்

நோய் இன்னொரு வீட்டிலும் கண்டது. கடைக் கிணறுகளிலும் கம்பத்துக் கிணற்றிலும் மருந்து போட உத்தரவாயிற்று. அந்த மருந்தை வாளியில் கரைத்து இறக்கினால் தண்ணீர் நாவற்பழம் கழுவின நிறமாகிவிடும். மறுநாளும் நிறம் நின்றால் கிணறு நல்ல கிணறு. நிறம் செத்து வெளுத்துவிட்டால் உள்ளே அழுக்கு இருக்கிறது, மறுபடியும் போட வேண்டும். ஆற்றோரக் கம்பத்துக் கிணறு எத்தனை தரம் போட்டும் வெளுத்துக்கொண்டே இருந்தது. அதைப் பலகை வைத்து மூடி நானே ஆணி அடித்தேன். ஆணி அடிக்கும்போது உள்ளேயிருந்து வந்த குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஊர் என்ன செய்தது? நோயைக் கண்டு பயந்ததைவிட நிறத்தைக் கண்டு அதிகம் பயந்தது. சோறு சிவப்பாக வெந்தது. கோப்பிக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கிணற்றடியில் குறுக்கே படுத்துக்கொண்டார். மருந்து வாளி தூக்கி வந்த என் உதவியாள் மாட், “அலாமாக் துவான், ஆயிர் மேரா, ஓராங் லாரி!” என்று தலையில் அடித்துக்கொண்டான். ஐயோ துரை, தண்ணீர் சிவந்தது, ஜனம் ஓடுகிறது என்று அர்த்தம். நான் ஒவ்வொரு கடையிலும் நின்று, இந்த நிறம்தான் உங்கள் உயிர், நிறமில்லாத தண்ணீரைத் தொடாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒரு வண்டிக்காரர் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்ன பதில்:

“இதக் குடிச்சா வாந்திபேதி வராதுன்னு நீங்க சொல்றீங்க. இதப் பாத்தாலே வாந்தி வருதுன்னு நான் சொல்றேன். ரெண்டுல எது நெசம்னு மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க லா.”

ஐயாவுக்கென்று தனிப்பானை

வேலாயுதம் மட்டும் தகராறு செய்யவில்லை. கிணற்றைக் காட்டினார், கயிறு பிடித்தார், என் உதவியாளுக்கு வெற்றிலை கொடுத்தார். அந்த வாரம் முழுக்க நிம்மதியாக அங்கே சாப்பிட்டேன். சிவகாமிக்கும் சோறு, ரசம், கேரியரில் ஒரு தட்டு நிறைய மோர் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மத்தியானம் பித்தளைத் தம்ளர் கிடைக்காமல் எனக்குக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். பக்கத்து இலைக்காரரிடமும் கண்ணாடித் தம்ளர்தான். அவருடையது சிவப்பு. என்னுடையது பளிங்கு.

கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்து, விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது, பாராட்டப் போகிறேன் என்றே அவர் நினைத்துக்கொண்டார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், சந்தோஷமாகச் சொன்னார்:

“ஊருக்குத்தானுங்க அந்தச் செவப்புத் தண்ணி. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் அதக் குடுப்பனா? மருந்து போட்ட நாள்லேருந்து ஒங்க ரெண்டு பேருக்குன்னு தனிப்பானை. நம்ம தண்ணிக்காரன் காளிமுத்து ஆத்தோரக் கம்பத்துக் கெணத்துலேருந்து கொண்டாறான். பலகைய ஒரு ஓரமாப் பேத்துட்டு, இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத்தான்னு சொன்னானாம், ஒருத்தரும் தடுக்கல. மோரும் அந்தத் தண்ணிலதான் கடையுறோம்.”

காத்திருந்த நாட்கள்

சைக்கிளில் ஏறியது நினைவிருக்கிறது. மிதித்தது நினைவில்லை. வீட்டில் கேரியர் கழுவிக் கவிழ்த்திருந்தது. மோர் இன்றைக்கு நல்ல புளிப்பு என்றாள் சிவகாமி, உதட்டைத் துடைத்துக்கொண்டே. அவளிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து நாடி பார்த்துவிட்டு, இப்போதைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நோய் வந்தால் உடனே ஆள் அனுப்பு என்று சொல்லிப் போனார். வந்தால் பிள்ளை நிற்குமா என்று வாசலில் மறித்துக் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் தண்ணீர்க்காரன் காளிமுத்துவுக்கே நோய் கண்டுவிட்டது. கிணற்றடியில் தாகத்துக்கு அவனும் குடித்திருக்கிறான். ஊருக்கு வெளியே உள்ள நோயாளிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். என் பயம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். சிவகாமி எழுந்து கொல்லைப்பக்கம் போனால் எனக்கு வயிறு கலங்கும். வயிறு கலங்கியதும் நோய் எனக்குத்தான் வந்துவிட்டது என்று மேலும் கலங்கும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளப் போனால் என்ன வேண்டுவது என்று வாய் குழறும். அவளை, பிள்ளையை, காளிமுத்துவை, மூன்றையும் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சாமி தள்ளிவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். இத்தனைக்கும் நடுவில் வேலாயுதம் கடையைச் சாத்திவிட்டு, அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டார். மருந்துத் தண்ணீர்க் குடத்தை எங்கள் கண் முன்னால் வைத்து, கொதிக்க வைத்து, அதிலேயே சமைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. புளித்த மோர் காப்பாற்றியிருக்கும் என்றார் டிரஸ்ஸர். அப்படியானால் வெறும் தண்ணீர் குடித்த நான் ஏன் தப்பினேன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. காளிமுத்து பிழைத்தான் என்று மாட் ஓடிவந்து சொன்ன அன்று வேலாயுதம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிள்ளை அதன் காலத்தில் நல்லபடியாகப் பிறந்தது, பெண். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அன்று, அழுது முடித்த வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கென்று தனியாக நல்ல அரிசி, தனியாக நெய், தனிச் சட்டி வாங்கி வரட்டுமா என்று ஆரம்பித்தார். அறைக்குள் படுத்திருந்த சிவகாமி அங்கிருந்தபடியே சொன்னாள்:

“அண்ணே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். ஊர்ல எல்லாருக்கும் ஊத்துற தண்ணியையே எனக்கும் ஊத்துங்க. இந்தப் புள்ள பொறக்குற வரைக்கும் எனக்கு ஒரு மரியாதையும் வேணாம்.”

ஆகவே சகோதரர்களே, ஈயைப் பாருங்கள், வாளியைப் பாருங்கள், சமையற்காரரின் முகத்தையும் பாருங்கள், ஆனால் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமானால் கடைக்காரர் உங்கள்மேல் மரியாதை வைக்கும்படி மட்டும் நடந்துகொள்ளாதீர்கள்.